இடமில்லை என்று சொன்ன கைபேசிகள்

நீங்கள் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள். ‘அனுப்பப்பட்டது’ என்று திரை சொல்கிறது. உடனே கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள். அது போய்ச் சேர்ந்ததா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். அதைக் கேட்பதற்கென்றே எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் சம்பளத்துக்கு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்திருப்பீர்கள். சரிதான், உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் கதை இது.

அலுவலகத்தில் அவளுக்குத் ‘தபாலக்கா’ என்று பெயர். வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் எல்லோரையும் வாடா போடா என்று அதட்டுவாள். அப்பா பேருந்து நடத்துநர். அம்மா, இவள் பேசப் பழகுமுன்பே போய்விட்டாள். வளர்த்தது சித்தி. ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் காலையில் போய்ப் பாத்திரம் தேய்த்துவிட்டு மத்தியானம் திரும்பி வருகிற சித்தி. அந்தக் கை தேய்ந்த தேய்ப்பில்தான் இவள் மின்னணுவியல் படித்தாள். முதல் வேலை தொலைபேசிக் கம்பெனியின் புகார்ப் பிரிவில். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற வேலை. “அதுல எனக்கு ஒரு படிப்பு கிடைச்சுது. யார் உண்மையிலேயே கஷ்டப்பட்டுத் திட்டுறாங்க, யார் பொழுது போகாம திட்டுறாங்கன்னு குரலை வச்சே சொல்லிடுவேன்” என்பாள்.

பிறகு செய்தி மையத்துக்கு மாற்றினார்கள். நான்காவது மாடி. சன்னலெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்த அறை. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே கம்பளிச் சட்டை போட்டால்தான் உட்கார முடியும். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், தேநீரை உள்ளே கொண்டு போகக் கூடாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் வரிசையாக நின்று இரைந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் ஆட்கள், மேசைகள், சுவர் முழுக்க ஒரு பெரிய திரை.

மூன்றாவது வரிசை இயந்திரம் ஒன்றைப் பற்றி அந்த அறையில் ஒரு பயம் இருந்தது. வெள்ளிக்கிழமை அதை நிறுத்தித் தொடங்கினால் ஆகாதாம். பொறியியல் படித்தவர்கள், பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கியவர்கள், இதை முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்கள். தபாலக்கா வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து வேண்டுமென்றே அதை நிறுத்தித் தொடங்கினாள். ஒன்றும் ஆகவில்லை.

“ஆகலையே?” என்றாள்.

“இன்னைக்கு அதுக்கு மூடு நல்லா இருந்திருக்கும்க்கா” என்றான் பக்கத்து மேசைக்காரன். தடித்த கண்ணாடி போட்டவன். அறையில் அவன் பெயரே கண்ணாடி.

“மெஷினுக்கு மூடு இருக்கு, உனக்கு மூளை இல்ல” என்றாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகம்.

குறுஞ்செய்தி எப்படிப் போகிறது என்று அவள் தன் வீட்டுக்காரருக்கு விளக்கிய விதத்திலேயே சொல்லிவிடலாம். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

“நீங்க அனுப்புற மெசேஜ் நேரா அந்த ஆளோட ஃபோனுக்குப் போகாதுங்க. முதல்ல எங்க கிட்ட வரும். நாங்க அதை வாங்கி வச்சுக்கிட்டு, அந்த ஃபோன் எந்த டவர் கிட்ட இருக்குன்னு விசாரிச்சு, போய்க் கதவைத் தட்டுவோம். ஃபோன் ‘வாங்கிக்கிட்டேன்’னு பதில் சொன்னாத்தான் வேலை முடிஞ்சுது. பதில் இல்லன்னா கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தட்டுவோம்.”

“அப்ப எங்க லிஃப்ட் மாதிரிதான். ஆளு பட்டனை அழுத்திட்டு லிஃப்ட் வந்துடுச்சுன்னு நினைச்சுக்குவான். வந்தாலும் கதவு திறக்கணும்ல.”

“அதேதான். நீங்க எங்க மேனேஜரா இருந்திருக்கலாம்.”

“நான் எதுக்கு? எனக்கு ஏறி இறங்குற வேலை தெரியும். உங்க மேனேஜருக்கு ஏறுறது மட்டும்தானே தெரியும்!”

அந்த மேலாளரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘பச்சை சார்’ என்பார்கள். காரணம் சுவரில் இருந்த பெரிய திரை. போய்ச் சேர்ந்த செய்திகள் அதில் பச்சைப் பட்டை. போய்ச் சேராதவை சிவப்பு. சிவப்பு ஏறினால் மேலிடத்திலிருந்து பச்சை சாருக்கு அழைப்பு வரும். அவர் முகமும் சிவக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மெல்லியதாக ஒரு சாம்பல் பட்டை உண்டு. அதன் பெயர் ‘பயனர் பக்கம்’. மையம் ஒழுங்காகத் தட்டியது, கைபேசிதான் வாங்கவில்லை, ஆகவே தவறு நம்முடையது அல்ல என்று அர்த்தம். சாம்பலுக்காக மேலிடத்திலிருந்து யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

அதனால் அந்த அறையில் ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. சிவப்பு ஏறுகிற நாளில், காரணத்தைத் தேடுமுன் முதலில் எல்லோரும் பார்ப்பது இதில் எவ்வளவை சாம்பலுக்குத் தள்ள முடியும் என்பதைத்தான். கைபேசி அணைந்திருந்ததா? சாம்பல். எல்லைக்கு வெளியே இருந்ததா? சாம்பல். செய்திகளை வைத்துக்கொள்ளும் பெட்டி நிறைந்துபோய் ‘இடமில்லை’ என்று பதில் சொன்னதா? அதுவும் சாம்பல். யாரும் பொய் எழுதவில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்தது. தபாலக்காவும் மற்றவர்களைப் போலவே தள்ளினாள்.

சித்தி இன்னும் கரைத்தெருவில்தான் இருந்தாள். ஆற்றை ஒட்டிய தெரு. நகரத்தின் பாத்திரம் தேய்ப்பவர்களும் துணி தைப்பவர்களும் மூட்டை தூக்குபவர்களும் குடியிருக்கிற தெரு. ஆற்றின் மேலே ஓர் அணை. மழை மிகுந்தால் அணையைத் திறப்பார்கள். திறக்குமுன் கரையோரத்தில் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் எச்சரிக்கை அனுப்புவது அணை அலுவலகத்தின் வழக்கம். அது செய்தி மையம் வழியாகத்தான் போகும்.

அந்த ஆண்டு மழையில் ஒரு மத்தியானம் அணையைத் திறந்தார்கள். எச்சரிக்கை போனது. திரை பச்சையாகவே இருந்தது. பச்சை சார் எல்லோருக்கும் வாசலுக்கு வெளியே தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

கரைத்தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது சித்தி விடுதியில் இருந்தாள். பெரிய விருந்து ஒன்றுக்காக நேரமாகிவிட்டது, அதனால் தப்பினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர், தைத்த துணிகளைக் கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி வீட்டில் இருந்தாள். தையல் மெஷினைக் கட்டில் மேல் தூக்கி வைக்கப் போராடியிருக்கிறாள். மெஷின் கட்டிலில் இருந்தது. அவளைத்தான் காணோம், மறுநாள் ஆற்றின் கீழ்ப்பக்கம் கிடைத்தாள்.

அதிகாரிகள் வந்தார்கள். “நாங்க முன்னாடியே மெசேஜ் அனுப்பினோமே” என்றார்கள். தையல்காரர் தன் பட்டன் ஃபோனை நீட்டி, “எனக்கு வரலங்க” என்றார். “ஆஃப் பண்ணி வச்சிருந்திருப்பீங்க” என்றார் ஒருவர். “எல்லாம் தலைவிதி” என்றார் இன்னொருவர், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. பாருங்கள், ஏழை செத்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு விதி வந்து பொறுப்பேற்றுக்கொள்கிறது. அணைக்கு மதகு உண்டு, மதகைத் திறக்க ஆள் உண்டு, செய்திக்கு மையம் உண்டு, மையத்துக்கு மேலாளர் உண்டு. இத்தனை பேரையும் தாண்டிக்கொண்டு பழி நேரே தலையெழுத்துக்குப் போகிறது.

தண்ணீர் வடிந்த பிறகு தபாலக்கா சித்தி வீட்டுக்குப் போனாள். சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. சித்தி தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, உன் ஃபோனைக் கொஞ்சம் காட்டு.”

“எதுக்குடி? உங்க கம்பெனிக்காரன் எனக்குத் தினமும் எழுதின லவ் லெட்டரைப் படிக்கப் போறியா?”

“என்ன லவ் லெட்டர்?”

“யாருக்குத் தெரியும்? காலையில டிங்குன்னான், மத்தியானம் டிங்குன்னான், இப்ப கொஞ்ச நாளா சத்தத்தைக் காணோம். உங்க சித்தப்பா உயிரோட இருந்தப்பகூட என்னை இவ்வளவு தேடினதில்ல.”

ஃபோனின் மேல்மூலையில் கடித உறை போன்ற ஒரு சின்னப் படம் மினுக்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நாளாகவே அப்படித்தான், அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றாள் சித்தி. பெட்டி நிறைந்துவிட்டது என்பதன் அடையாளம் அது.

தபாலக்கா உள்ளே போய்ப் பார்த்தாள். இணையமே இல்லாத அந்த ஃபோனுக்கு இணையத்தில் தள்ளுபடி. அழைக்கிறவர் காதில் பாட்டு ஒலிக்க இந்த எண்ணை அழுத்தவும். இன்றைய ராசிபலன் அறிய இந்த எண்ணை அழுத்தவும். நாளைய ராசிபலன். இந்த வாரம் உங்களுக்கு நீரால் நன்மை! அதையும் ஒருவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான், அதையும் தன் மையம் தட்டித் தட்டிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அடி முதல் நுனி வரை கம்பெனியின் விளம்பரங்கள். தவிர, ஒரே ஒரு செய்தி, அவளே எப்போதோ அனுப்பியது: ‘ஞாயிறு வரேன் சித்தி.’

அந்த நீரால் நன்மையை அழித்தாள். ஓர் இடம் காலியானது. ஃபோன் தன்பாட்டுக்கு மையத்துக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும், இனி வாங்கிக்கொள்ள இடமிருக்கிறது என்று. அதுதான் ஏற்பாடு. அடுத்த மூச்சிலேயே அவள் கையில் ‘டிங்’ என்றது.

“அணை திறக்கப்படுகிறது. கரைத்தெரு மக்கள் உடனடியாக மேடான இடத்துக்குச் செல்லவும்.”

சித்தி துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். “என்னடி போட்டிருக்கு?”

தபாலக்கா படித்துக் காட்டினாள்.

சித்தி சுவரில் இருந்த சேற்றுக்கோட்டைப் பார்த்தாள். “இப்ப வந்து சொல்றானா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு குனிந்து தேய்க்கத் தொடங்கினாள்.

தையல்காரர் வீட்டுக்கும் போய், அவரிடம் கேட்டு வாங்கி, அதே போல ஒன்றை அழித்தாள். அதே ‘டிங்’. அதை அவருக்கு அவள் படித்துக் காட்டவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியும்.

மறுநாள் அலுவலகத்தில் அவள் எதையும் கண்டுபிடித்ததுபோலப் பேச முடியவில்லை. ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“நிறைஞ்ச பெட்டிக்கு மெசேஜ் போகாதுன்னு தெரியும்க்கா. அது நம்ம கணக்குல வராதே, அதான் யாரும் பார்க்கல” என்றான் கண்ணாடி.

“நிறைச்சது யாரு?”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பதில் சொல்ல விருப்பமில்லாதபோது அவன் செய்கிற வேலை அது.

இதற்கு ஒரு வழி இருந்தது. அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததே. ‘ஃபிளாஷ்’ என்று ஒரு வகைச் செய்தி உண்டு. அது பெட்டிக்குள் போகாது. நேராகத் திரையில் பளிச்சென்று வந்து நிற்கும். பெட்டி நிறைந்திருந்தாலும் தடையில்லை. கம்பெனியில் அந்த வழியை விற்பனைப் பிரிவு எடுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர்களின் விளம்பரம் அதில்தான் பறக்கும். அணை அலுவலகத்தின் எச்சரிக்கை இலவசம் என்பதால் சாதாரண வழியில், அதிலும் கடைசி வரிசையில் போகும்.

தபாலக்கா பச்சை சாரிடம் போனாள். “சார், எச்சரிக்கையை மட்டும் ஃபிளாஷ்ல அனுப்பலாம். பெட்டி நிறைஞ்சவங்களுக்கு மட்டுமாவது.”

“பெட்டியைக் காலியா வச்சுக்கிறது கஸ்டமர் பொறுப்பும்மா.”

“குப்பையைக் கொட்டுறது நம்ம பொறுப்பா சார்?”

“ஃபிளாஷ் சேல்ஸ்க்குக் கொடுத்தாச்சு. எழுதிக் கொடுங்க, மேல அனுப்புறேன்.”

எழுதிக் கொடுத்தாள். மேலே போனது. பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி பரிசீலனை. விற்பனைப் பிரிவுத் தலைவரை நேரில் பார்த்தாள். வாயைத் திறந்தால் ஆஃபர் என்பார், அதனால் பெயரும் ஆஃபர் சார். “நல்ல பாயிண்ட்” என்றார். நல்ல பாயிண்ட் என்றால் கதவு அந்தப் பக்கம் என்று பொருள்.

அதற்காக அவள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கரைத்தெருவில் உட்கார்ந்து ஃபோன்களைக் காலி செய்தாள். சித்தி வீட்டு வாசலில் ஒரு முக்காலி போட்டுக்கொள்வாள். ஆட்கள் ஃபோனை நீட்டிக்கொண்டு வருவார்கள். மூட்டை தூக்குகிற ஒருவர் குரலைத் தாழ்த்தி, “எல்லாத்தையும் அழிச்சிடும்மா, அந்தக் கீழ இருந்து ரெண்டாவது மட்டும் இருக்கட்டும்” என்பார். பின்னாலேயே அவர் மனைவி வந்து, “அந்த ரெண்டாவதுல என்னம்மா இருக்கு?” என்பாள். தெருவே சிரிக்கும். தபாலக்கா நிமிர மாட்டாள். “நான் தபால்காரி. கவரைப் பிரிச்சுப் படிக்கிறதில்ல” என்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் பெட்டிகள் மறுபடி நிறைந்திருக்கும்.

“நீ ஞாயித்துக்கிழமை அள்ளிக் கொட்டுற. உன் கம்பெனிக்காரன் திங்கக்கிழமை கொண்டாந்து கொட்டுறான்” என்றாள் சித்தி. “எனக்கே அலுத்துப்போச்சு. பாத்திரம் தேய்க்கிறவ சொல்றேன், எச்சில் போடுறவனை நிறுத்தாம தேய்ச்சுக்கிட்டே இருந்தா நமக்குத்தான் முதுகு போகும்.”

தையல்காரர் வரிசையில் வந்து நிற்க மாட்டார். தன் ஃபோனைத் தானே தினமும் காலி செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். பட்டன் தைக்கிற நேரம் போக, அதுதான் அவருக்கு வேலையாக இருந்தது.

மறு ஆண்டு மழை வந்தது. விடாத மழை. ஆறு நிறம் மாறிப் போனது. அன்று காலையில் தபாலக்கா சித்திக்கு ஃபோன் செய்தாள்.

“சித்தி, வேலைக்குப் போயிட்டியா?”

“விடுதிக்கு லீவு விட்டுட்டாங்க. வீட்டுலதான் கிடக்கேன்.”

“கிளம்பி எங்க வீட்டுக்கு வந்துடேன்.”

“தெருவே இருக்கு, நான் மட்டும் மகாராணி மாதிரி கிளம்பணுமா? தண்ணி வந்தா சொல்லு, வரேன். உன் வேலையே சொல்றதுதானே?”

மதியத்துக்குச் சற்று முன் அணை அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. மையம் வாங்கிக்கொண்டது, தட்டத் தொடங்கியது. பச்சை ஏறியது. கூடவே சாம்பலும் ஏறியது. தபாலக்கா கரையோரக் கைபேசிகளை மட்டும் பிரித்துத் தன் திரையில் வைத்துக்கொண்டாள். பாதிக்கு மேல் ஒரே பதில்: இடமில்லை. இடமில்லை. இடமில்லை. சித்தியுடையதும் அதில் இருந்தது. சித்தியை ஃபோனில் கூப்பிட்டால் எடுப்பாள். தெருவில் இருக்கிற மற்றவர்களை யார் கூப்பிடுவது?

ஃபிளாஷ் வழியில் அந்த நேரம் ஒரு துணிக்கடையின் மழைக்காலத் தள்ளுபடி போய்க்கொண்டிருந்தது. நகரம் முழுவதற்கும். வழி நிறைந்து ஓடியது. அதை நிறுத்தினால்தான் வேறு ஒன்றை விட முடியும்.

அந்த அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற மையத்தில் ஒருவர் தனியாக எதையும் மாற்ற முடியாது. ஒருவர் மாற்றத்தைப் போட வேண்டும், இன்னொருவர் தன் மேசையிலிருந்து அதைப் பார்த்துச் சரி என்று அழுத்த வேண்டும். நல்ல கட்டுப்பாடுதான், தூக்கக் கலக்கத்தில் ஒருவன் செய்கிற பிழை ஊரையே ஊமையாக்கிவிடக் கூடாதே என்று வைத்தது.

அவள் போட்டாள். தள்ளுபடி நிறுத்தம். கரையோரத்தில் இடமில்லாத கைபேசிகள் அனைத்துக்கும் எச்சரிக்கை, ஃபிளாஷ் வழியில். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள்.

அவன் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா, இது சேல்ஸோட வழி.”

“தெரியும்.”

“எனக்கு ரெண்டு தங்கச்சிங்க. வீட்டுல சம்பாதிக்கிறவன் நான் ஒருத்தன்தான்.”

“தெரியும்டா. உன்னை வற்புறுத்தல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. நான் வேற யாரையாவது கேக்கணும், நேரமில்ல.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கப் போகிறான் என்று நினைத்தாள். துடைக்கவில்லை. கழற்றிய கையோடு அழுத்தினான். “போடுற வேலையைக் கண்ணால பார்த்துச் செய்யணும்னுதான் ரூல். கண்ணாடி இல்லாம எனக்கு எதுவும் தெரியாதுன்னு விசாரணையில சொல்லிக்கலாம்ல?” என்றான். குரல் நடுங்கியது. நகைச்சுவை நடுங்கவில்லை.

துணிக்கடை நின்றது. நின்ற செய்திகளெல்லாம் போய்ச் சேராதவை என்று கணக்காகி, சுவர்த்திரை அடியிலிருந்து நுனி வரை சிவந்தது. பச்சை சார் அறைக் கதவைத் திறந்துகொண்டு செருப்போடு உள்ளே வந்தார்.

“யாரு? யாரு பண்ணினது இது?”

அப்போது தபாலக்காவின் ஃபோன் ஒலித்தது. எடுத்தாள்.

“ஏண்டி, ஃபோன் திரையில பளிச்சுன்னு ஒண்ணு வந்து கத்துது. எதிர்வீட்டுப் பையன் படிச்சுக் காட்டினான், தண்ணி வருதாம். நீதானா?”

“நான்தான் சித்தி. கிளம்பு.”

“நான் எங்க கிளம்புறது, அந்தத் தையல்காரன் தெருவுல நின்னு கத்துறான். அவன் ஃபோனு முதல்லயே அடிச்சிடுச்சாம். ஒவ்வொரு வீடா கதவை உடைக்காத குறையாத் தட்டுறான். ஃபோனு இல்லாதவன், சார்ஜு இல்லாதவன், தூங்குறவன், ஒருத்தனையும் விடல. மொத ஆளா சொன்னப்ப பாதிப் பேரு நம்பல. இப்ப அவங்கவங்க ஃபோனும் சேர்ந்து கத்துதா, எல்லாம் எழுந்து ஓடுது.”

“நீ ஓடு சித்தி!”

“கத்தாத. என் ஒரே பெரிய அண்டாவை விட்டுட்டு வரேன், அந்த வருத்தத்தைப் பேச விடு.”

பச்சை சார் அவள் பேசி முடிக்கும்வரை நின்றார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு, “அந்த ஆஃபரைத் திரும்ப ஓடவிடுங்க” என்றார்.

“விடுறேன் சார். இன்னும் கொஞ்சம் ஃபோன் பாக்கி இருக்கு.”

அவர் மறுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. திரும்பிச் சிவந்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலிடத்து அழைப்பு அவர் பையில் அடித்துக்கொண்டிருந்தது, அதையும் எடுக்கவில்லை. அவரால் முடிந்த வீரம் அவ்வளவுதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலத்துக்குள் கரைத்தெருவில் பல சுவர்கள் விழுந்தன. சித்தியின் அண்டா ஆற்றோடு போனது. தையல்காரரின் மெஷின் இந்த முறை கட்டிலில் ஏறவில்லை, தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. ஆள் யாரும் போகவில்லை.

விசாரணை நடந்தது. எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அதில் யாரும் கேட்கவில்லை. அது விசாரணையின் பொருள் அல்ல. அனுமதியில்லாமல் ஒரு வழியை மாற்றியது ஏன் என்பதே பொருள்.

“அந்தத் துணிக்கடைக்காரருக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?” என்றார் ஆஃபர் சார். உண்மையாகவே மனம் வருந்தியவராகத் தெரிந்தார்.

“துணி வாங்க ஆள் உயிரோட இருக்கணும்னு சொல்லுங்க சார்.”

“இது எமோஷனல் பேச்சு.”

“இல்ல சார், இது வியாபாரப் பேச்சு. உங்க மொழியிலதான் சொல்றேன்.”

ஆஃபர் சார் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “பெட்டியைக் காலி பண்ணத் தெரியாதது அவங்க தப்பு இல்லையா?”

“அவங்க வாசல்ல நாம குப்பையைக் கொட்டுறோம். அப்புறம் கதவைத் திறக்க முடியலன்னு அவங்களையே குத்தம் சொல்றோம். இதுக்கு நாம வச்சிருக்கிற பேரு பயனர் பக்கம். அங்க வந்த அதிகாரி வேற பேரு சொன்னாரு, தலைவிதின்னு. ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

வேலையை விட்டு நீக்கவில்லை. ஆறு அன்று எவ்வளவு உயர்ந்தது என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. நீக்கினால் பேச்சு எழும். புகார்ப் பிரிவுக்கே திருப்பி அனுப்பினார்கள், இந்த முறை வாடிக்கையாளர் நேரில் வருகிற முன்மேசைக்கு. கண்ணாடிக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. அவனுக்காக அவள் எழுதிக்கொடுத்தது ஒரே வரி: ‘நான் கேட்டேன், அவர் அழுத்தினார்.’ கண்ணாடி கழற்றிய கதையை இருவருமே சொல்லவில்லை.

எச்சரிக்கைக்கு ஃபிளாஷ் வழி என்பது இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது.

“போஸ்ட்மாஸ்டரா இருந்தவளைக் கவுன்டர்ல உட்கார வச்சுட்டாங்களே” என்றார் வீட்டுக்காரர்.

“இறக்கினாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க. லிஃப்ட்காரருக்குத் தெரியாதா? ஆளுங்க ஏறுறதும் இறங்குறதும் தரைத்தளத்துலதான்.”

இப்போது அவள் மேசைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், என்ன புகாராக இருந்தாலும், கையில் பட்டன் ஃபோன் இருந்தால் முதலில், “ஒரு நிமிஷம் கொடுங்க” என்பாள். மூலையில் அந்தக் கடித உறை மினுக்குகிறதா என்று பார்ப்பாள். மினுக்கினால் அவர் எதிரிலேயே, ஒவ்வொன்றாகக் காட்டி, கேட்டு, அழிப்பாள். எப்படி அழிப்பது என்றும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பாள். விளம்பரமே வேண்டாம் என்று பதிந்துகொள்ள ஓர் எண் உண்டு; விளம்பரங்களில் எங்கும் இல்லாத எண். அதையும் அழுத்தவைப்பாள். வரிசை நீளும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். யார் பொழுது போகாமல் முணுமுணுக்கிறார்கள் என்று குரலை வைத்தே அவளுக்குத் தெரியும்.

அவள் ஒருத்தி, மேசை ஒன்று. உங்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். ஆகவே இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்ய வருகிறவர், உங்கள் தெருவின் காவல்காரர், உங்கள் சித்தி, உங்கள் மாமா, யாரிடமெல்லாம் பட்டன் ஃபோன் இருக்கிறதோ அவர்களிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெட்டி நிறைந்திருந்தால் அவர்கள் சம்மதத்தோடு காலி செய்யுங்கள். விளம்பரம் வராமல் நிறுத்திக் கொடுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் தொலைபேசிக் கம்பெனியைக் கூப்பிட்டு, வெள்ளம் வந்தால் எங்களுக்கு எந்த வழியில் சொல்வீர்கள் என்று கேளுங்கள். அனுப்பிவிடுவோம் என்பார்கள். ஃபோனை வைத்துவிடாதீர்கள். போய்ச் சேருமா என்று கேளுங்கள்.